பெயர் தந்தவர் படிக்கு வெளியே!

பேரன் என்கிறோம், பேத்தி என்கிறோம். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே? பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பதே பேத்தி ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்கி வருகிறவன் பெயரன். தான் மண்ணுக்குள் போன பிறகும் தன் பெயர் மண்மீது நடமாடும் என்ற மன நிறைவோடு கண் மூடினான் தமிழ்நாட்டுப் பாட்டன். உறவைச் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்தது தமிழ். பல்லாவரத்தில் இருந்துகொண்டு தனித்தமிழ் வளர்த்தாரே மறைமலையடிகள், அவருக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களான தாம்பரத்துத் தோழர்களுக்கு இந்தச் சொல்லின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயரைத் தந்த பாட்டன், அந்தப் பெயரைத் தாங்கிய பேரனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வாசலில் போய் நிற்கிறார். "பார்க்க முடியாது, போ!" என்று கதவு சாத்தப்படுகிறது. அந்தப் பாட்டனுக்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது?

விலைவாசி ஏறுகிறது, வேலை கிடைக்கவில்லை, நாட்டில் பெரிய பெரிய பிரச்சினைகள் பேசக் கிடக்கின்றன. இவற்றுக்கு நடுவே தாத்தா பாட்டி கதையா என்று கேட்டுவிடாதீர்கள். இது கதையல்ல. பாட்டாளி வீட்டின் அடுப்படியில் இருக்கும் பிரச்சினை.

சம்பளம் இல்லாத தொழிலாளி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் குடியேறியவர்கள் யார்? சீமான்களா? மிராசுதாரர்களா? இல்லை. ரயில்வே தொழிலாளி குடியேறினான். குரோம்பேட்டையிலும் நாகல்கேணியிலும் தோல் பதனிட்டவன் குடியேறினான். அனகாபுத்தூரில் தறி நெய்தவன் அங்கேயே வேரூன்றினான். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. காலைச் சங்கு ஊதுமுன் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடும் பெண்கள் கூட்டம் வந்தது.

அப்பா உழைத்தால் வாடகை. அம்மா உழைத்தால் அரிசி. இருவரும் உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை. அப்படியானால், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஆயா வைக்க அவர்களிடம் ஆஸ்தியா இருந்தது? பாட்டி பார்த்துக்கொண்டாள். பால் ஆற்றிக் கொடுத்தாள், தொட்டில் ஆட்டினாள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டன், புத்தக மூட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் விரலைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

நான் சொல்லுகிறேன், பாட்டாளி வீட்டுப் பாட்டி ஒரு தொழிலாளி. சம்பளம் கேட்காத தொழிலாளி. போனஸ் கேட்காத தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை கேட்காத தொழிலாளி. ஆனால், அவளை வேலையிலிருந்து நீக்குவது மட்டும் ஒரே நாளில் நடந்துவிடுகிறது! ஆலையில் ஒருவனை நீக்கினால் 'நோட்டீஸ் எங்கே?' என்று கேட்கச் சங்கம் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. பாட்டியை நீக்கினால் கேட்பார் யார்?

எப்படி நீக்கப்படுகிறாள்? ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஊர் பெயர் வேண்டாம். ஆள் பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். மகன் சாலை விபத்தில் இறக்கிறான். மருமகளுக்கு வயது 26, குழந்தைக்கு 4. பதினாறாம் நாள் முடிவதற்குள் இழப்பீட்டுப் பணத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேச்சு வார்த்தையாகிறது, வார்த்தை வசையாகிறது. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போகிறாள். அடுத்த வாரம், ஒரு பொட்டலம் முறுக்கோடு போன பாட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறாள், காவற்காரர் விரட்டுகிறார்.

மற்றொரு வீட்டில் மகள் இறந்தாள். மருமகன் மறுமணம் செய்துகொண்டான். புதுக் குடித்தனத்துக்குப் பழைய உறவு தொல்லை என்கிறான். மகளைப் பறிகொடுத்த தாய், அவள் விட்டுச் சென்ற ஒரே சாயலையும் பறிகொடுக்கிறாள். இன்னொரு வீட்டில் சாவு இல்லை, மணவிலக்குதான். கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். அந்தத் தீர்ப்பில் பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளையிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. ஆனால், அதுதான் நடந்தது.

சட்டத்துக்குத் தெரிந்த பாட்டனும் தெரியாத பாட்டனும்

சட்டத்துக்குப் பாட்டனைத் தெரியாதா? தெரியும்! நன்றாகவே தெரியும். எப்போது தெரியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். மகன் முன்பே இறந்துபோயிருந்தால், உயில் எழுதாமல் இறந்த பாட்டனின் சொத்தில் பேரனும் பேத்தியும் முதல் வகுப்பு வாரிசுகள். அதாவது, பாட்டன் செத்தால் பேரனுக்கும் பாட்டனுக்கும் உள்ள உறவு சட்டத்துக்குத் தெரிகிறது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். தம் உழைப்பாலும் உடைமையாலும் வாழ முடியாத தாத்தாவும் பாட்டியும் பராமரிப்புக் கேட்கலாம். யாரிடம்? மகனிடம், மகளிடம், பேரனிடம், பேத்தியிடமும் கேட்கலாம். ஆனால் பேரப்பிள்ளை 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அதாவது, பாட்டன் பட்டினி கிடந்தால் அப்போதும் உறவு சட்டத்துக்குத் தெரிகிறது.

சாத்திரத்தையும் பார்த்துவிடுவோமே. செத்த பாட்டனுக்குப் பேரன் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும், பிண்டம் வைக்க வேண்டும் என்று விரிவிரியாக எழுதி வைத்தார்கள். அதற்குத் தட்சணை எவ்வளவு என்பதையும் மறக்கவில்லை! உயிரோடு இருக்கும் பாட்டனுக்குப் பேரன் முகம் காட்ட வேண்டும் என்று எழுத மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

ஆக, சொத்துக்கு உறவு உண்டு. சோற்றுக்கு உறவு உண்டு. சோதிடருக்கும் புரோகிதருக்கும் வருமானம் என்றால் அங்கேயும் உறவு உண்டு. பேரனின் முகத்தைப் பார்க்க? அதற்குத் தாத்தா என்றோ பாட்டி என்றோ பெயர் சொல்லி உரிமை தரும் ஒரு பிரிவு இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இல்லை.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். 18 வயது வரை அந்தப் பிள்ளை பாட்டனைப் பார்க்காமலே வளரலாம். சட்டம் வாய் திறக்காது. 18 நிரம்பிய மறுநாள், 'இவர் உன் பாட்டன், சோறு போடு' என்று அதே சட்டம் கை நீட்டும். முகம் தெரியாத பாட்டனுக்கு, மடியில் உட்கார்ந்தறியாத பாட்டிக்கு, எந்தப் பாசத்தில் சோறு போடுவான்? விதைக்கும் பருவத்தில் வயலைப் பூட்டிவிட்டு, அறுவடைக்கு அரிவாளோடு வரச் சொல்லும் சட்டம் இது!

வெள்ளையர் எழுதிய ஏடு

இந்தியாவில் குழந்தையின் காப்பாளர் யார் என்பதை இன்றும் ஆள்வது 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பில் உள்ளோர் சட்டம். வெள்ளையர் எழுதியது. அதன்பின் 1956இல் இந்து இளவர், காப்பாளர் சட்டம் வந்தது. அதன் 6ஆவது பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய் என்றது. 'பின்' என்றால் தந்தை செத்த பின்தானா என்று கேட்டு ஒரு தாய் உச்ச நீதிமன்றம் போனார். தந்தை இருந்தும் இல்லாதவராக இருக்கும்போதும் தாய் காப்பாளர்தான் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. தாய்க்கே இந்த இடத்தைப் பெற 43 ஆண்டுகள் ஆயின என்றால், பாட்டியின் கதி என்ன? அந்தப் பிரிவில் அவள் பெயரே இல்லை. தாயும் தந்தையும் இறந்து, அவளே அள்ளி வளர்த்தாலும், நீதிமன்றம் நியமித்தால்தான் அவள் காப்பாளர்.

இஸ்லாமியர் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு. ஹனபி முறையில், சிறு குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்து தாயைப் பெற்றவளுக்கு வருகிறது. தந்தைக்குப் பின் குழந்தையின் சொத்துக்குக் காப்பாளர் வரிசையில் தந்தையைப் பெற்றவர் நிற்கிறார். பாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

நீதிமன்றங்கள் இரக்கமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. இரக்கம் காட்டியிருக்கின்றன. 2008இல் கொல்கத்தா வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வந்தது. மகள் கணவன் வீட்டில் இறந்தாள். அவள் சாவு தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த கணவனே, பிள்ளை எனக்கு என்றான். கீழ் நீதிமன்றங்களும் தந்தை அல்லவா என்று கொடுத்தன. உச்ச நீதிமன்றம், தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம்தான் பிள்ளை இருக்க வேண்டும் என்றது. அந்தச் சிறுவனின் விருப்பத்தையும் கேட்டது. 2009இல் மற்றொரு வழக்கு: தாய் பிரசவத்தில் இறக்க, பிறந்தது முதல் பாட்டி வளர்த்த பெண் குழந்தை. தந்தை கேட்டார், உயர் நீதிமன்றம் கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பாட்டியிடமே இருக்கட்டும் என்றது.

2021இன் கொரோனாக் கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். அகமதாபாத்தில் ஒரு சிறுவன், சில வாரங்களில் தந்தையையும் இழந்தான், தாயையும் இழந்தான். தந்தையைப் பெற்றவர்கள் கேட்டார்கள். தாயின் தங்கையும் கேட்டார். பாட்டனுக்கு 71 வயது, பாட்டிக்கு 63. சித்திக்கு 46 வயது, மத்திய அரசுப் பணி என்று கணக்குப் பார்த்து, குஜராத் உயர் நீதிமன்றம் சித்தியிடம் கொடுத்தது. 2022 ஜூன் திங்களில் உச்ச நீதிமன்றத்தில் எம்.ஆர். ஷா, அனிருத்தா போஸ் ஆகிய நீதிபதிகள் அதை மாற்றினர். வயதும் வருமானமும் மட்டும் அளவுகோல் ஆகா என்று சொல்லிப் பாட்டன் பாட்டியிடம் ஒப்படைத்தனர். அதே கொடுங்காலத்தில், 2021 மே திங்களில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 3,000 ரூபாயும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. உறவினர் மடி என்றால் யார் மடி? பெரும்பாலும் பாட்டியின் மடிதானே!

இந்த மூன்று தீர்ப்புகளையும் பாராட்டுவோம். பாராட்டிவிட்டு, அவற்றில் ஒளிந்திருக்கும் ஒன்றைக் கவனிப்போம். மூன்றிலும் பாட்டன் பாட்டி கேட்டது முழுக் குழந்தையை! 'பிள்ளையை எங்களிடமே கொடுத்துவிடுங்கள்' என்று கேட்டார்கள். அதற்கு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் நம் தாம்பரத்துப் பாட்டி என்ன கேட்கிறாள்? தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சொன்னாளா? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். பிறந்த நாளுக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். முழுதும் கேட்பவனுக்குப் பிரிவு இருக்கிறது. கொஞ்சம் கேட்பவளுக்குப் பிரிவு இல்லை! பேராசைக்குப் பாதை போட்டுவிட்டுப் பாசத்துக்குப் பாதை போட மறந்தார்கள்.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் ஒரு சிறு சந்து மட்டும் இருக்கிறது. குழந்தையின் காப்பு, பொறுப்பு ஆகியவற்றோடு, குழந்தையை அணுகிப் பார்ப்பது பற்றிய வழக்கையும் அந்த மன்றம் விசாரிக்கலாம் என்று அது சொல்லுகிறது. பெற்றோர் மட்டுமே கேட்கலாம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அந்தச் சந்து வழியாகப் பாட்டியும் போகலாம். ஆனால் உள்ளே போனபின், 'இவளுக்கு இது உரிமை' என்று சொல்ல எழுத்தில்லை. நீதிபதியின் நெஞ்சில் ஈரமிருந்தால் கிடைக்கும். ஒரு மன்றத்தில் கிடைக்கும். மறு மன்றத்தில் கிடைக்காது. ஈரத்தை நம்பி நிற்பது பிச்சை. எழுத்தை நம்பி நிற்பதுதான் உரிமை.

செங்கற்பட்டில் தொடங்கி லண்டனில் முடிந்த வழக்கு

குழந்தை வழக்கு என்றால் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே உலகம் திரும்பிப் பார்த்த வழக்கு, இந்தச் செங்கற்பட்டில்தான் தொடங்கிற்று.

அடையாற்றில் பிரம்மஞான சபை. அதன் தலைவர் அன்னி பெசண்ட் அம்மையார். சபையில் பணியாற்றிய நாராயணய்யா என்பவரின் பிள்ளைகள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா. 'உலக குரு வரப்போகிறார். இந்தப் பையன்தான் அவருக்கு வாகனம்' என்றார்கள் சபையினர். 1910இல் பிள்ளைகளை அம்மையாரின் காப்பில் விட்டுக் கையெழுத்திட்டார் தந்தை. அம்மையார் அவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். மனம் மாறிய தந்தை, 1912இல் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில், 'என் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு' என்று வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913இல் நீதிபதி பேக்வெல், தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அம்மையார் விட்டாரா? லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார், 1914இல் வென்றார். ஏன் வென்றார்? குழந்தை வழக்கமாக எங்கே வாழ்கிறதோ அங்கேதான் வழக்கு நடக்க வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகளைச் செங்கற்பட்டு மாவட்டவாசிகள் என்பது எப்படி என்றது பிரிவி கவுன்சில். மற்றொன்றும் கேட்டது: இத்தனை வாதத்தில், அந்தப் பிள்ளைகளின் நலனையும் விருப்பத்தையும் யார் கேட்டீர்கள்?

அம்மையாரோடு நம் இயக்கத்துக்கும், நமக்கு முன் நீதிக் கட்சிக்கும் இருந்த பகை ஊரறிந்தது. ஆனாலும் இந்த வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளப் பாடம் உண்டு. பணமும் படையும் உள்ளவர், செங்கற்பட்டில் தொடங்கி லண்டன் வரை போய் வழக்காடலாம். ஓய்வூதியத்தில் மருந்து வாங்கவே திணறும் ரயில்வேத் தொழிலாளி, மருமகள் பிள்ளையோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டால், அந்த மாநில நீதிமன்றத்தைத் தேடிப் போவது எங்ஙனம்? இது ஒன்று. பெரியவர்கள் இழுபறியில், பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் முதன்மையானது.

மருமகள் நம் கட்சிக்காரி

இந்த இடத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்பார்: 'பாட்டி உரிமை என்று பேசுகிறீரே, அந்த 26 வயது மருமகளின் உரிமை என்ன ஆயிற்று?'

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. நான் திட்டவட்டமாகச் சொல்லுகிறேன்: தாயின் உரிமைக்கு மேலே பாட்டனுக்கு உரிமை கிடையாது, கிடைக்கவும் கூடாது. விதவை மறுமணத்தை மேடையில் பேசியதோடு நில்லாமல், தம் தங்கை மகளுக்கே மறுமணம் செய்து வைத்தவர் தந்தை பெரியார். அந்த இயக்கத்தில் வந்த நாம், 'பேரனைப் பார்க்க வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு, மருமகள் பூ வைத்திருக்கிறாளா, யாரோடு பேசுகிறாள், மறுமணம் செய்துகொள்ளப் போகிறாளா என்று உளவு பார்க்கும் மாமனாருக்கு வக்காலத்து வாங்குவோமா? மாட்டோம்! இழப்பீட்டுப் பணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைப் பாசத்தை உதட்டில் வைத்துக்கொண்டு வருபவருக்கு வழி விடுவோமா? மாட்டோம்!

சாதியையும் பார்க்க வேண்டும். கீழ்ச்சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளைத் தலைமுழுகியவர், கொலை மிரட்டல் விடுத்தவர், பத்தாண்டு கழித்து, 'பேரனைக் காட்டு' என்று வந்து நின்றால், அந்தத் தாய் அஞ்சத்தான் செய்வாள். அஞ்சும் உரிமை அவளுக்கு உண்டு. மனம் திருந்தி வந்தாரா, மாலைக்குள் கத்தியை ஒளித்து வந்தாரா என்று விசாரிக்கும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில், எவரும் எந்நேரமும் குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்டு மன்றத்துக்கு வரலாம் என்று சட்டம் இருந்தது. தந்தை இறந்துபோன இரு சிறுமிகள். மாதம் ஒருமுறை சிறிது நேரம் பார்த்துப் போகலாம் என்றார் தாய். போதாது, அதிகம் வேண்டும் என்று தந்தைவழிப் பாட்டனும் பாட்டியும் வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. தகுதியுள்ள தாயின் முடிவுக்கு மதிப்புத் தராமல் இவ்வளவு அகலமாகக் கதவைத் திறக்கக் கூடாது என்றது. இங்கிலாந்து வேறு வழி கண்டது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பாட்டன் பாட்டி வழக்குத் தொடரலாம். ஆனால் முதலில் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். வம்புக்கு வருபவரை வாசலிலேயே வடிகட்டும் ஏற்பாடு அது.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியை ஆண்டதே பிரெஞ்சு நாடு, அது இன்னும் தெளிவாகச் சொன்னது. 1970இல் அங்கே வந்த சட்டம், தக்க காரணமின்றிப் பாட்டன் பாட்டியிடமிருந்து குழந்தையைப் பெற்றோர் தடுக்கக் கூடாது என்றது. பிறகு அதைத் திருத்தி, பாட்டன் பாட்டியோடு உறவு கொள்வது குழந்தையின் உரிமை, குழந்தையின் நலன் ஒன்றுதான் அதற்குத் தடையாக நிற்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

குழந்தையின் உரிமை! அங்கேதான் இருக்கிறது சாவி. பேரன், பாட்டனின் சொத்தல்ல, தந்தையின் சொத்தல்ல, தாயின் சொத்துமல்ல. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று 1973இலேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தந்தையை இழந்த பிள்ளைக்கு, அந்தத் தந்தை எப்படிச் சிரிப்பான், எந்த மரத்திலிருந்து விழுந்தான், எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவான் என்று சொல்ல இந்த உலகில் மிச்சமிருப்பவர்கள் இருவர். அவர்களைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பது, செத்த தந்தையை இரண்டாம் முறை சாகடிப்பது. கிழவனுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறோம்.

டில்லியில் தூங்கும் அறிக்கை

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2015 மே திங்களில், நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் இருந்த இந்தியச் சட்ட ஆணையம், தன் 257ஆவது அறிக்கையைத் தந்தது. குழந்தைக் காப்புச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றது. பிரிந்த பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு, சமரச முயற்சி ஆகியவற்றோடு, பாட்டன் பாட்டிக்குக் குழந்தையோடு இருக்க நேரம் என்பதையும் வழிமுறைகளில் சேர்த்தது. அறிக்கை டில்லியில் இருக்கிறது. சட்டம்? இன்றும் வரவில்லை!

டில்லி விழிக்கும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பொதுப் பட்டியலின் 5ஆவது இனத்தைப் பாருங்கள். திருமணம், மணவிலக்கு, குழந்தைகள், இளவர், வாரிசுரிமை எல்லாம் அங்கே இருக்கின்றன. மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநிலமும் செய்யலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். இது நமக்குப் புதிய பாதையா? 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சி, இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. 1989இல் கலைஞரின் ஆட்சி, வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு தந்தது. அதே வழியில், காப்பாளர் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் ஒன்று வரட்டும்.

அதில் என்ன இருக்க வேண்டும்? நான்கே நான்கு. பாட்டன் பாட்டியோடு உறவு கொள்வது குழந்தையின் உரிமை என்ற ஒரு வரி. வழக்குத் தொடுக்குமுன் மன்றத்தின் அனுமதியும், சமரச முயற்சியும். கொடுமை செய்தவர், சாதி வெறியர், மிரட்டியவர் ஆகியோருக்குக் கதவடைப்பு. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தைத் தனியே கேட்பது. இந்த நான்கும் வந்தால், பாட்டிக்குப் பாதை கிடைக்கும். தாய்க்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.

அதுவரை என்ன செய்வது?

சட்டம் வரும்வரை நம் தோழர்கள் செய்ய வேண்டியவை உண்டு. முதலில், வழக்கு மன்றத்துக்கு ஓடாதீர்கள். படிப்பகத்துக்கு வரும் பெரியவர் கண் கலங்கினால், இரு வீட்டாரையும் அறிந்த பொதுவான ஒருவரை அனுப்புங்கள். இழப்பீட்டுப் பேச்சை ஒரு நாள் பேசுங்கள். பிள்ளைப் பேச்சை வேறு நாள் பேசுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டும் கெடும். போகும் பாட்டனுக்கும் சொல்லி அனுப்புங்கள்: அந்தப் பெண்ணைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு தவறான சொல்லும் சொல்லாதீர், சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

பேச்சு பயன்படாவிட்டால், குடும்ப நல நீதிமன்றம் உண்டு. குழந்தை வழக்கமாக வாழும் இடம் எந்த மன்றத்தின் எல்லையில் இருக்கிறதோ, அங்கே மனுச் செய்ய வேண்டும். சமரசத்துக்கு முயல்வது அந்த மன்றத்தின் கடமை என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையமும் 2005 முதல் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம்? இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவு. பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எனவே பாட்டிக்கு உண்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் வட்டக் குழுவிலும் கேட்கலாம். பாட்டிக்கு மட்டுமல்ல, எதிர்த்தரப்பில் நிற்கும் மருமகளுக்கும் அதே உதவி உண்டு. அதை அவளுக்கும் சொல்லுங்கள், அதுதான் நேர்மை. கிளைக்கு ஒரு தோழர் இந்தப் பிரிவுகளைக் குறித்துவைத்துக்கொண்டால், எத்தனையோ குடும்பங்கள் இடைத்தரகரிடம் ஏமாறாமல் தப்பும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுபவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1929 பிப்ரவரி திங்களில், இதே செங்கற்பட்டில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. ஆணுக்குப் போல் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்று நகைத்தார்கள். 'குடும்பம் குலையும், குலம் அழியும்' என்றார்கள். 60 ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. குடும்பம் குலைந்ததா? இல்லை, பெண்ணின் தலைதான் நிமிர்ந்தது.

செங்கற்பட்டில் போட்ட தீர்மானம் டில்லியில் சட்டமாகும் என்பதை நம் முன்னோர் காட்டிவிட்டார்கள். ஆனால் இம்முறை 60 ஆண்டுகள் காத்திருக்க நம்மால் முடியாது. இந்த வழக்கில் வாதிக்கு வயது எழுபது! எனவே தோழர்களே, அடுத்து உங்கள் கிளைக் கூட்டம் நடக்கும்போது, மற்றத் தீர்மானங்களோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதுங்கள். எழுதி, கையெழுத்திட்டு, சட்டமன்ற உறுப்பினரின் கையில் நேரே கொடுங்கள். பெயர் தந்தவர் படிக்கு வெளியே நிற்கிறார். படிக்கு உள்ளே பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறது.